லியோனா வீட்டு டாங்கி

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

லெமூவாவில் இறங்கியாயிற்று. கப்பலில் வந்த வழியெல்லாம் எனக்கு வாந்தி. என்னோடு வேலைக்கு வந்த நகுலேசுக்கு ஒன்றுமில்லை. முல்லைத்தீவுக் கடலில் வளர்ந்தவன். என் பங்குச் சோற்றையும் அவனே சாப்பிட்டான்.

பசிபிக் கடலில் சின்னத் தீவு. ஒரு மலை, ஒரு கத்தோலிக்கக் கோயில், ஒரு பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் தென்னை. உலக யுத்தத்தில் ஜப்பான்காரர் விட்டுப்போன டாங்கிகள் மூன்று இங்கே கிடக்கின்றன. ஒன்று கடலுக்குள், ஒன்று மலையில், ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவில். அந்த வளவின் ஓரத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று கட்டப்போகிறார்கள். அதற்கு முன் டாங்கிகளுக்குள் வெடிக்கக்கூடியது ஏதும் உண்டா என்று பார்த்து, இருந்தால் அழிக்க வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வன்னியில் பத்து வருஷத்துக்கு மேல் கண்ணிவெடி எடுத்திருக்கிறேன். டாங்கி புதிது.

எங்கள் பொறுப்பாளர் சாமுவேல், சொலமன் தீவுக்காரர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. இங்கே எல்லோரும் எங்களோடு இங்கிலிஷில்தான் கதைக்கிறார்கள். நான் அதை என் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன்.

படுக்கை பள்ளிக்கூட வகுப்பறையில். நுளம்பு வலையில் ஓட்டை. தைக்க வேண்டும்.

பெப்ரவரி 8, வியாழன்

கடல் டாங்கி. கடல் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் தண்ணீரில் நடந்துபோனோம். சிப்பி பிடித்து, தூரத்தில் பார்க்கப் பாறை மாதிரியே இருந்தது.

"இவ்வளவுதானா அக்கா? எங்கட மாமான்ர உழவு மெசின் இதைவிடப் பெருசு" என்றான் நகுலேஸ்.

மூன்று பேர் உட்காரும் டாங்கியாம். என் மகள் ஷெரினும் அவளுடைய இரண்டு தோழிகளும் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். உள்ளே மணல், நண்டு, விலாங்கு. வெடிபொருள் எதுவும் இல்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

மழை. ஒன்றும் நடக்கவில்லை. வலை தைத்தேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாஷை விளங்காவிட்டாலும் எங்கே முழந்தாளிட வேண்டும் என்று தெரிகிறது.

பூசை முடிந்து லியோனாவைச் சந்தித்தோம். வளவு டாங்கி அவளுடைய நிலத்தில்தான் நிற்கிறது. என் வயதிருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. டாங்கியின் பீரங்கிக் குழாயில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள். கோழிகள் அதற்கடியில் முட்டை இடுகின்றன. மேல் மூடியும் முன் மூடியும் துருவேறி இறுகிப்போயிருக்கின்றன. யாரும் திறந்ததில்லை.

சாமுவேல் விஷயத்தைச் சொன்னார். லியோனா கேட்டுவிட்டு, "சுத்திப் பாருங்கோ. அடியில பாருங்கோ. திறக்க விடமாட்டன்" என்றாள். ஏன் என்று சாமுவேல் கேட்டார். அவள் துணிகளை எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மாலை ஷெரின் போன் எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஏப்ரல் இருபத்தேழுக்குக் கோயிலைப் பதிந்துவிட்டார்களாம். அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்க வேண்டுமாம். அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடுவதா விடுவதா என்று அச்சகத்தில் கேட்கிறார்களாம்.

"பேந்து சொல்லுறன்" என்றேன்.

"எப்ப பேந்து?"

"லைன் கிளியர் இல்லை" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 13, செவ்வாய்

மலை டாங்கி. நடுவால் ஒரு மரம் வளர்ந்து மேல் மூடியைத் தூக்கி எறிந்திருக்கிறது. நகுலேஸ் உள்ளே எட்டிப் பார்க்க, வௌவால்கள் அவன் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தன. சிரித்ததில் என் வயிறு நொந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இனி வளவு டாங்கி ஒன்றுதான்.

பெப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு லியோனா வீட்டுக்குப் போனேன், தனியாக. அவள் நெற்றியிலும் சாம்பல். ஈரப்பலாக்காய் மாதிரி ஒன்றைச் சுட்டு வைத்திருந்தாள். இருவரும் உரித்துச் சாப்பிட்டோம். அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"உள்ளுக்கு ஒருத்தன் இருக்கிறான். அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க, கப்பல்ல இருந்து சுட்ட சூட்டில இந்த டாங்கி நிண்டுபோச்சு. ரெண்டு பேர் இறங்கி ஓடினவங்கள். மூண்டாவது ஆள் இறங்கேல்ல."

"எண்பது வருசமா ஆருக்கும் சொல்லேல்லையா?"

"ஊருக்கே தெரியும். வெளியில சொன்னா வந்து எடுத்துக்கொண்டு போவாங்கள்." இன்னொரு துண்டை உரித்து எனக்குத் தந்தாள். "எனக்கொரு தம்பி. மத்தேயோ. மீனுக்குப் போனவன், வரேல்ல. படகுமில்லை, பலகையுமில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் கல்லறையில மெழுகுதிரி கொளுத்தேக்க நான் எங்க கொளுத்துறது? ஒரு உடம்பு இருக்கிற இடத்தில கொளுத்தினாத்தானே போய்ச் சேரும். அதால இதில கொளுத்துறன். உள்ளுக்கிருக்கிறவனுக்கும் ஆக்கள் இல்லை, எனக்கும் உடம்பில்லை."

டாங்கியின் முன்பக்க இரும்பில் மெழுகு உருகிக் கட்டியாகக் கிடப்பதை அப்போதுதான் கவனித்தேன். கோழிகள் அதைக் கொத்தியிருந்தன.

நல்ல பழம் அது. சுட்டால் உருளைக்கிழங்கு மாதிரி.

பெப்ரவரி 18, ஞாயிறு

ஷெரின் மறுபடி எடுத்தாள். பெரியப்பா, அதாவது என் கணவர் யூட்டின் அண்ணன் அருளப்பு, கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: அந்தச் சொல்லைப் போட்டால் கலியாணத்துக்கு வரமாட்டார். யூட் எங்கேயோ இருக்கிறார் என்று அவர் நம்புகிறார். காணாமற்போனவர்களின் சொந்தங்கள் கூடிப் போராடும் கொட்டகைக்கு இன்றைக்கும் தம்பியின் படத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு வீடு கட்டித் தந்தவர் அவர். ஷெரினைப் படிப்பித்தவரும் அவர்தான். பீடம்வரை அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவரும் அவரே.

யூட்டை நான் கடைசியாகப் பார்த்தது 2009 மே மாதம். பிள்ளைக்குத் தாகம் என்று தண்ணீர் எடுக்கப் போனார். இதை எங்கும் எழுதியதில்லை. எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 19, திங்கள்

டாங்கியின் அடித்தகட்டில் துரு தின்ற ஓட்டை ஒன்றைக் கோழிகள்தான் காட்டின. அதற்குள்ளால் கம்பிக் கமராவை விட்டோம். மேலே, சுடுகிறவர் நிற்கும் இடத்தில், பீரங்கிக் குண்டுகள் அடுக்கோடு இருக்கின்றன. பழைய ஜப்பான் குண்டு கசிந்தால் மஞ்சள் உப்பு பூக்கும். அது இரும்போடு சேர்ந்து காய்ந்தால், தட்டினாலே வெடிக்கும். இங்கே நன்றாகப் பூத்திருக்கிறது. இந்த இரும்பின் மேல்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள்.

முன்னால், ஓட்டுகிறவரின் இருக்கையில், அவர் இருக்கிறார்.

படத்தை லியோனாவுக்குக் காட்டினேன். மஞ்சளைப் பார்த்துத்தான் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முன்னால் இருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சின்ன ஆளா?" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லுங்கோ" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பெப்ரவரி 20, செவ்வாய்

சாமுவேலின் முடிவு: குண்டுகளை அசைக்கக்கூடாது, டாங்கியோடு சேர்த்து நின்ற இடத்திலேயே வெடிக்க வைப்பது. சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"உள்ளுக்கு ஒரு ஆள் இருக்கிறார்" என்றேன்.

"செத்த ஆளுக்காக உயிரோட இருக்கிற ஆளை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை றொசிற்றா."

"குண்டு பின்னுக்கு மேல இருக்கு. ஆள் முன்னுக்குக் கீழ இருக்கிறார். ஓட்டுறவர்ர மூடி தனி. சுத்தியலால அடிக்காம, எண்ணெய் விட்டு இளக்கித் திறந்தா குண்டுப் பக்கம் அசையாது. உள்ளுக்குத் தண்ணி விசிறி ஈரமா வைச்சிருக்கலாம். ஒரு கை மட்டும்தான் உள்ளுக்குப் போகும்."

"அந்தக் கைக்குப் பின்னால நீ இருப்பாய்."

நகுலேஸ் என்னை வெளியே கூட்டிப்போனான். "அக்கா, உங்கட பிள்ளைக்கு ஏப்ரல்ல கலியாணம். ஆரெண்டே தெரியாத ஒருத்தன். விடுங்கோ."

"ஆரெண்டு தெரியாட்டி விடலாமா?"

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவனுடைய தமையனும் யுத்தத்திலிருந்து திரும்பி வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பெப்ரவரி 23, வெள்ளி

சாமுவேல் கமராப் படங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டார். கிடைத்த அனுமதி இது: மூடி தானாக இளகினால் மட்டும், அசையாத எதையும் இழுக்காமல், சாமுவேல் வரச் சொன்னால் வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. எண்ணெய் விடத் தொடங்கினோம்.

பெப்ரவரி 28, புதன்

மூடி இளகவில்லை. எங்கள் எண்ணெய் முடிந்துபோனது. லியோனா தேங்காயெண்ணெயில் எதையோ கலந்து கொண்டுவந்தாள். ஊரில் படகு ஆணிக்கு அதைத்தான் விடுவார்களாம். நகுலேஸ் மணந்து பார்த்துவிட்டு, "பொரிக்கலாம் போல கிடக்கு" என்றான்.

பருப்பு இன்னும் இரண்டு பக்கற்தான்.

மார்ச் 6, புதன்

இளகிவிட்டது.

மார்ச் 7, வியாழன்

ஆட்களெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். சாமுவேலும் நகுலேசும் மண்மூட்டைகளுக்குப் பின்னால், வோக்கி டோக்கியோடு. நான் டாங்கியின் முன்பக்கத்தில் குப்புறப் படுத்து, மூடியைத் தூக்கிக் கையை விட்டேன். முதலில் தண்ணீர் விசிறினேன். உள்ளே வெக்கையில்லை. பழைய கிணற்று மணம்.

தலை சுவரோரம் சாய்ந்திருந்தது. எடுத்துத் துணியில் வைத்தேன். பாரமே இல்லை. பிறகு தோள், விலா, கைகள். விரல் எலும்புகளைப் பொறுக்கச் சமையல் கரண்டி உதவியது. பெல்ற் கொளுவி, ஒரு போத்தல், சப்பாத்து அடி. பெயர் எழுதிய எதுவும் இல்லை. வலது கால் முழுதாக வந்தது.

இடது காலின் மேல் ஒரு குண்டு கிடந்தது. கமராவில் இது தெரியவில்லை. மேல் அடுக்கிலிருந்து எப்போதோ உருண்டு வந்திருக்க வேண்டும். மஞ்சள் உப்பு பூத்து எலும்போடு ஒட்டியிருந்தது. என் விரல் குண்டின் பித்தளையில் பட்டது.

"அக்கா, என்ன நடக்குது? சத்தத்தைக் காணேல்ல."

"இடது கால் இருக்கு. மேல குண்டு."

"எடுக்க ஏலுமா?"

எலும்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"அக்கா! ஏலுமா?"

"ஏலாது."

"அப்ப விட்டுட்டு வாங்கோ."

"கொஞ்சம் பொறு."

"என்னத்துக்குப் பொறுக்கிறது? வாங்கோ எண்டுறன்!"

சாமுவேலும் வரச் சொன்னார். நான் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. நகுலேஸ் கத்திக்கொண்டே இருந்தான். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, "ஷெரினுக்கு நான் என்னக்கா சொல்லுறது?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

கையை எடுத்தேன். மூடியைச் சாத்தினேன். துணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சாமுவேல் திட்டுவார் என்று நினைத்தேன். தன் மீன் டின்னை உடைத்து எனக்குத் தந்தார். அதை முழுதாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

லியோனாவும் நானும் மழைத்தண்ணீரில் அவரைக் கழுவினோம். யாரும் கழுவச் சொல்லவில்லை. லியோனா ஒவ்வொரு எலும்பையும் கழுவும்போது மத்தேயோ, மத்தேயோ என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். நான் ஒன்றும் சொல்லாமல் கழுவினேன்.

பல் வரிசை நன்றாக இருக்கிறது. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளி மாதிரி ஏதோ வைத்து அடைத்திருக்கிறது. யூட்டுக்கு முன்பல் ஓரம் உடைந்திருக்கும். சைக்கிளால் விழுந்தது. இதை எதற்கு எழுதினேன் தெரியவில்லை.

தண்ணீர் நிறையச் செலவாயிற்று.

மார்ச் 9, சனி

வெடிக்க வைத்தாயிற்று. மேல்பகுதி கழன்று தென்னைகளுக்கு இடையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு கண்ணாடி போனது. ஆளுக்குச் சேதமில்லை. இடமெல்லாம் துப்புரவாக்க ஒரு கிழமை பிடிக்கும்.

கோழிகள் இரண்டு நாளைக்கு முட்டையிடாது என்று லியோனா சொன்னாள். டாங்கி நின்ற இடத்தில் நிலம் குழிந்து ஆழமான கிடங்கு. அதன் கரையில் நெடுநேரம் நின்றாள்.

மார்ச் 16, சனி

எலும்புகளைக் கொண்டுபோகக் கப்பலில் ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மொரிட்டா என்ற அம்மாவும், மொழிபெயர்க்க ஒரு பொடியனும். அந்த அம்மா எலும்புகளின் முன் முழந்தாளிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். ஒரு பல்லைத் தனியாக எடுத்துக் குப்பியில் போட்டார். பிறகு வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்தார். கழுவியிருக்கிறதே என்று கேட்டார். நாங்கள்தான் என்றோம். மறுபடி கும்பிட்டார், இந்த முறை எங்களை.

"பேர் தெரியவருமா?" என்று லியோனா கேட்டாள்.

"பல்லில இருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்ப்பம். ஆனா சொந்தக்காரர் உயிரோட இருந்து, அவையும் வந்து ரத்தம் தந்தாத்தான். அநேகமாத் தெரியவராது."

"தெரியாட்டி?"

"பேர் தெரியாத ஆக்களுக்கெண்டு ஒரு இடம் இருக்கு. அங்க வைப்பம்."

"அங்க ஆரும் வருவினமா?"

"வருவினம். இதில தங்கட ஆளும் இருக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு நிறையப் பேர் வருவினம். பூ வைச்சிட்டு, தங்கட ஆளின்ர பேரைச் சொல்லிக் கும்பிட்டிட்டுப் போவினம்."

லியோனா தலையாட்டினாள். அவளுக்கு அது விளங்கியது. எனக்கும்.

அவர்கள் போன பிறகு அவளைக் கிடங்குக் கரையில் கண்டேன். "எல்லாம் போச்சு" என்றாள்.

"எல்லாம் போகேல்ல. அண்டைக்கு நான் இடது காலை விட்டுட்டு வந்தனான். அது இந்த மண்ணுக்குள்ளதான் கிடக்குது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் மண்வெட்டி கொண்டுவந்து, கிடங்கின் ஓரத்திலிருந்து மண்ணை உள்ளே தள்ளத் தொடங்கினாள். நகுலேஸ் கேட்காமலே வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்தான்.

மார்ச் 17, ஞாயிறு

ஷெரினுக்கு நானே எடுத்தேன்.

"காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லு" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "அம்மா, நீங்கள் சொல்லும்வரைக்கும் அழக்கூடாது எண்டு இருந்தனான்" என்றாள். யூட் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. இவ்வளவு காலமும் இருந்திருக்கிறாள். அவள் அழ, நான் கேட்டுக்கொண்டிருந்தேன், லைன் உண்மையாகவே அறுந்துபோகும்வரை.

பிறகு அருளப்பு அத்தான் எடுத்தார்.

"நீ கண்டனியா? உடம்பைக் கண்டனியா?"

"இல்லை அத்தான்."

"அப்ப எந்தத் துணிவில போடுறாய்?"

"பிள்ளைக்குத் தாகம் எண்டு போனவர். உயிரோட இருந்திருந்தா எப்பிடியும் வந்திருப்பார். உங்கட தம்பியை உங்களுக்குத் தெரியாதா?"

"நான் வரமாட்டன்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 25, திங்கள்

கப்பல் நாளைக்கு. லியோனா ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் தந்தாள். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஏப்ரல் 20, சனி, அடம்பன்

எங்கள் ஊர்க் கோயிலில் யூட்டுக்காக இறந்தோர் பூசை. பூசை வைத்த சுவாமி அவர் பெயரைச் சொன்னபோது ஷெரின் என் கையைப் பிடித்தாள். நகுலேஸ் முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். பூசை முடிந்து, தன் தமையனுக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றான். எந்தக் கோயிலில் என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னான்.

அத்தான் வரவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பந்தல் போட்டாயிற்று. வாழைகள் பிந்தி வந்தன. ஐஸ்கிறீம்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

பின்நேரம் அத்தானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் இறங்கிப் பந்தலுக்குக் கீழே நின்றார். உள்ளே வாருங்கோ என்றேன், வரவில்லை. "காட் ஒண்டு தா" என்றார். அழைப்பிதழ் ஏற்கெனவே அவர் வீட்டில் கொடுத்ததுதான். கிழித்தெறிந்திருப்பார் போலும். இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஷெரின் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றாள்.

"அவன்ர பேரைப் பிழையில்லாம அடிச்சிருக்கிறாங்கள்" என்றார். "வழக்கமா ஆரும் சரியா எழுதமாட்டாங்கள்."

"ஓம் அத்தான்."

அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர நான் எத்தினை மணிக்கு வரவேணும்?"

சொன்னேன். சட்டை அயன் பண்ண வேண்டும் என்று போய்விட்டார்.